மகள் உளவியல் படிக்கப் போகிறாளா?



உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகியிருந்த நேரம். அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் இறங்கும்போது எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தகப்பனார் என்னை மறித்தார். "ஹஸ்ரத், மகளுக்கு நல்ல றிசல்ட்ஸ். டீச்சராகச் சொன்னால் கேட்கிறாள் இல்லை. சிறுவர் உளவியல் படிக்க வேணுமாம். விசர்க்காரரோடு இருந்து என்ன செய்யப் போகிறாள்? நீங்கள் சொன்னால் கேட்பாள்" என்றார்.

உண்மையைச் சொல்வதானால், நானும் கிட்டத்தட்ட அவரைப் போலவே எண்ணியிருந்தவன்தான். அரபுக் கல்லூரியில் ஓதிப் பட்டம் பெற்றவனுக்கு அந்தத் துறை புதிது. தெரியாத ஒன்றைத் தடுக்கவும் கூடாது, தூண்டவும் கூடாது அல்லவா? சில நாட்கள் தவணை கேட்டேன். தெரிந்தவர்களிடம் விசாரித்தேன், கிடைத்ததை வாசித்தேன். அந்தப் பிள்ளையையும் அவளது உம்மாவையும் வீட்டுக்கு அழைத்துக் கதைத்தேன். அப்போது அறிந்து கொண்டவற்றையே உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன். உங்கள் வீட்டிலும் நாளை ஒரு மகள் இதே கேள்வியோடு நிற்கக் கூடும்.

முதலில் ஒரு தெளிவு. 'சிறுவர் உளவியல்' என்ற பெயரிலேயே முதற் பட்டம் தரும் இடங்கள் உலகில் குறைவு. பிரித்தானியாவில் சில பல்கலைக்கழகங்கள் உளவியலோடு பிள்ளை வளர்ச்சியையும் சேர்த்துக் கற்பிக்கின்றன. பெரும்பாலும் பட்டம் 'உளவியல்' என்றுதான் இருக்கும். கருவிலிருந்து முதுமை வரை மனிதன் வளரும் விதத்தை ஆராயும் வளர்ச்சி உளவியல் அதன் ஒரு பகுதி. சிறுவர் துறையில் தனித் தேர்ச்சி பெறுவது அதற்குப் பின்னர்தான். எமது நாட்டில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் உளவியல் கற்கலாம். திறந்த பல்கலைக்கழகத்திலும் உளவியலில் பட்டம் உண்டு.

அங்கே அப்படி என்னதான் படிக்கிறார்கள்? உங்கள் குசினியிலேயே ஒரு பாடத்தைப் பார்த்துவிடலாம். ஒரே அளவான இரண்டு கிளாஸ்களில் சரிசமமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். நாலு, ஐந்து வயதுப் பிள்ளையிடம் காட்டி, இரண்டும் சமம்தானே என்று கேளுங்கள். ஆம் என்னும். இப்போது அதன் கண் முன்னாலேயே ஒரு கிளாஸ் தண்ணீரை ஒடுக்கமான, உயரமான கிளாஸ் ஒன்றில் ஊற்றிவிட்டு, எதில் கூட என்று கேளுங்கள். பெரும்பாலும் உயரமானதைத்தான் காட்டும். ஏழெட்டு வயதுப் பிள்ளையோ, இது என்ன கேள்வி என்பதுபோல உங்களைப் பார்க்கும்.

இதை உலகுக்கு எடுத்துக் காட்டியவர் ஸுவிட்ஸர்லாந்தைச் சேர்ந்த ஜோன் பியாஜே (1896–1980). தமது சொந்தப் பிள்ளைகள் மூவரையும் தொட்டிற் பருவம் முதல் அவதானித்துக் குறிப்பெழுதியவர். சின்னப் பிள்ளை பெரியவரைவிடக் குறைவாகச் சிந்திப்பதில்லை, வேறு விதமாகச் சிந்திக்கிறது என்பது அவரது முடிவு. தம்பிக்குக் கூட ஊற்றிவிட்டாய் என்று உங்கள் பிள்ளை அழும்போது அது பொய் சொல்லவில்லை. அதன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது.

பாடம் அத்தோடு முடிந்துவிடுவதில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மார்கிரட் டொனால்ட்ஸனும் அவரோடு சேர்ந்தோரும் 1970களில் பியாஜேயின் கேள்வியையே கேள்விக்குள்ளாக்கினர். இரண்டு வரிசைகளில் சமமாக அடுக்கிய பொருட்களில் ஒரு வரிசையைப் பெரியவர் வேண்டுமென்றே கலைத்து வைத்துவிட்டு எதில் கூட என்று கேட்டால் பிள்ளைகள் தவறினார்கள். ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஓடி வந்து கலைத்துவிட்டதாக விளையாட்டுக் காட்டிக் கேட்டபோதோ, அதே வயதினரில் பெரும்பாலானோர் சரியாகச் சொன்னார்கள். பெரியவர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதலில் சொன்னது பிழையாக்கும் என்று பிள்ளை நினைத்து விடுகிறது! வகுப்பில் நாம் "என்ன? இன்னொரு தரம் சொல்லு!" என்று அதட்டும்போது நடப்பதும் இதுதானே என்று எனக்குத் தோன்றியது. பெரிய பேராசிரியர் சொன்னதையும் பரிசோதித்துப் பார்க்கப் பழக்குவதே இந்தப் படிப்பு.

தாய்மார் அறிய வேண்டிய இன்னொருவர் மேரி எய்ன்ஸ்வர்த். 1954இல் உகண்டாவுக்குச் சென்று, கிராமத்து வீடுகளில் தாயும் குழந்தையும் பழகும் விதத்தை மாதக்கணக்கில் பார்த்தார். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு பரிசோதனை அமைத்தார். ஒரு வயதுக் குழந்தையைப் புதிய அறையொன்றில் விட்டு, தாய் சில நிமிடங்கள் வெளியேறித் திரும்புவார். தாய் போகும்போது குழந்தை அழுததா என்பதைவிட, திரும்பி வந்ததும் என்ன செய்தது என்பதையே அவர் முக்கியமாகக் கவனித்தார். ஓடி வந்து அணைத்து, ஆறுதலடைந்து, மீண்டும் விளையாடப் போகும் பிள்ளைக்குத் தாயின் மேல் நம்பிக்கை இருக்கிறது. மத்திய கிழக்குக்கு உழைக்கப் போன உம்மாவும், உம்மும்மாவின் மடியில் வளரும் பிள்ளையும் எமது ஊர்களுக்குப் புதிதல்ல. இந்தப் பிணைப்பு தாயோடு மட்டுமல்ல, நிலையாகப் பராமரிக்கும் வேறொருவரோடும் உருவாகக் கூடியது என்பதையும் இத்துறை சொல்கிறது. அந்தத் தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர் இதையும் படிக்கட்டும்.

கணக்குக்குப் பயந்து கலைப்பிரிவுக்கு வந்த மகள்மாருக்கு ஓர் எச்சரிக்கை: இங்கே புள்ளிவிபரவியல் காத்திருக்கிறது. ஒரு பிள்ளையிடம் கண்டது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்துமா என்று எண்களைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். ஆங்கில நூல்களையும் தவிர்க்க முடியாது. ஆய்வு ஒழுக்கமும் கற்பிக்கப்படும். 1920இல் அமெரிக்காவில் வொட்ஸன் என்பவர் தமது உதவியாளரோடு சேர்ந்து, ஒரு கைக்குழந்தை வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் பின்னாலிருந்து இரும்பில் அடித்துச் சத்தமெழுப்பி, எலியைக் கண்டாலே அழும்படி செய்தார். இன்று மாணவர்கள் அதைப் படிப்பது, எதைச் செய்யக் கூடாது என்று அறிந்து கொள்ளவும்தான்.

இனி, தகப்பன்மார் கேட்கும் கேள்வி. படித்து முடித்தால் தொழில்? இங்கே மறைப்பதற்கு ஒன்றுமில்லை. முதற் பட்டம் கையில் கிடைத்த மறுநாளே ஒருவர் சிகிச்சை செய்யும் உளவியலாளர் ஆகிவிட முடியாது. மருத்துவ உளவியலாளராவதற்கு மேற்படிப்பும் மேற்பார்வையின் கீழ் பயிற்சியும் அவசியம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அதற்கெனத் தத்துவமாணிக் கற்கைநெறி உண்டு. இங்கிலாந்தில் பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் கல்வி உளவியலாளராவதற்கு, முதற் பட்டத்துக்குப் பின் கலாநிதிப் பட்டமே வேண்டும். முதற் பட்டத்தோடு நிற்போர் ஆசிரியத் தொழில், முன்பள்ளி, சிறுவர் பராமரிப்பு, சமூக சேவை போன்ற துறைகளுக்குச் செல்லலாம். நீண்ட பாதைதான். கல்யாணப் பேச்சோடும் சேர்த்து யோசிக்க வேண்டிய பாதை. அதை இப்போதே பேசிக்கொள்வது நல்லது, மூன்றாம் வருடத்தில் அல்ல.

தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களைக் கண்டு காசைக் கட்டிவிடாதீர்கள். டிப்ளோமா வேறு, பட்டம் வேறு. பட்டத்தை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம், அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆணைக்குழு வெளியிடும் மாணவர் கைநூலை மகளோடு உட்கார்ந்து நீங்களும் வாசியுங்கள். சில மாத வகுப்பொன்றை முடித்துவிட்டு 'உளவியலாளர்' என்று பெயர்ப் பலகை மாட்டுவோரிடம் பிள்ளையின் மனதை ஒப்படைப்பது, பட்டறிவில்லாதவனிடம் சத்திர சிகிச்சைக்குப் போவதைப் போன்றது.

இத்தனை சிரமத்துக்கும் இது தகுமா? 2004 டிசம்பர் 26ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரையில் உம்மாவையும் வாப்பாவையும் கடலுக்குக் கொடுத்த பிள்ளைகள் எத்தனை! ஒரு பிள்ளை தன் பயத்தைத் தன் மொழியில்தான் சொல்லும். மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு அழ முடியுமா? தமிழ் பேசும் உளவியலாளர்கள் இன்றும் மிகக் குறைவு. அவர்களில் எமது பெண்கள் இன்னும் குறைவு. பருவமடைந்த மகளின் மனக்கஷ்டத்தை ஓர் அந்நிய ஆணிடம் சொல்லத் தயங்கும் தாய், கடைசியில் எவரிடமும் சொல்வதில்லை.

எமது முன்னோர்க்கு இந்த அக்கறை இல்லாமல் இல்லை. இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில், மாணவர்கள்மீது, குறிப்பாகச் சிறுவர்கள்மீது, கடுமை காட்டுவது அவர்களைக் கெடுக்கும், பொய்க்கும் சூதுக்கும் தள்ளும் என்று ஓர் அத்தியாயமே எழுதினார். நான் அதை ஓதியவன். ஓதியும், என்னிடம் குர்ஆன் ஓத வந்த ஒரு பையனைப் பிரம்பால் அடித்தவன். பே, தே, ஸே எழுத்துக்களை அவன் ஒவ்வொரு நாளும் மாற்றி மாற்றி ஓதினான். சோம்பல் என்று தீர்ப்பளித்தேன். சில மாதங்களில் அவன் வருவதையே நிறுத்திக் கொண்டான்.

அந்தத் தகப்பனாருக்கு நான் சொன்ன பதில், படிக்க விடுங்கள் என்பதே. பிள்ளை இப்போது இரண்டாம் வருடம். சென்ற விடுமுறையில் உம்மாவோடு வீட்டுக்கு வந்தபோது அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி, அவனுக்கு என்ன குறை என்று கேட்டேன். "நான் இன்னும் படிக்கிறவள் ஹஸ்ரத். பார்க்காத பிள்ளையைப் பற்றிச் சொல்லக் கூடாது" என்றாள். சற்று யோசித்துவிட்டுத் திருப்பிக் கேட்டாள்:

"அந்தப் பிள்ளையின் கண்ணையும் காதையும் யாராவது பரிசோதித்தார்களா?"

இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறேன். அந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.