சுவருக்கு வண்டல் நிறம்



திருமணமோ, பெருநாளோ, வெளிநாட்டிலிருந்து பிள்ளை வரும் நாளோ நெருங்கினால், நம் இல்லங்களில் முதலில் எழும் பேச்சு, "சுவருக்கு என்ன வண்ணம் அடிக்கலாம்?" என்பதுதான். அய்யம்பேட்டை, இராஜகிரி, கூத்தாநல்லூர் என எந்த ஊருக்குச் சென்றாலும் இதே நிலைதான். ஓர் அறைக்குக் கிளிப்பச்சை, மறு அறைக்கு ரோஜா நிறம், கூடத்திற்குப் பளிச்சிடும் நீலம்! விருந்தினர் ஒரு நாழிகை வியந்துவிட்டுச் சென்றுவிடுவர். ஆனால் அச்சுவர்களுக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் வாழப்போகிறவர்கள் யார் என்று சிந்தித்தீர்களா?

சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு நிறம் உண்டு. வண்ணக் கடை அட்டைகளில் அதனை 'டோப்' என்பர். நமக்கு அது புதிதன்று. காவிரி வெள்ளம் வடிந்தபின் வயலில் படிந்து உலரும் வண்டலின் நிறமே அது. மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிவாசலின் சுவர்களும் சுடாத மண் கற்களால் ஆனவைதாம். மண்ணின் நிறத்தை ஏழ்மையின் அடையாளமாக எண்ண வேண்டியதில்லை.

இந்நிறத்தின் பயனை நான் உணர்ந்தது ஒரு மூதாட்டியின் வீட்டில். எழுபதைக் கடந்த அவர், பஜ்ருக்கு முன்னரே ஒளூச் செய்ய எழுபவர். சுவர் வெள்ளை, சுவிட்சுப் பலகை வெள்ளை, கதவு நிலையும் வெள்ளை. விடிவிளக்கின் மங்கிய ஒளியில் எது எங்கே இருக்கிறதென்று புரியாமல், சுவரைத் தடவியே நடந்தார். ஒரு நாள் நிலையில் மோதி நெற்றியில் காயமும் பட்டுவிட்டது. பேரன் சுவருக்கு மட்டும் வண்டல் நிறம் பூசி, பலகையையும் நிலையையும் வெள்ளையாகவே விட்டான். "இப்போது சுவிட்சு தானாகவே கண்ணில் படுகிறது" என்று அவர் மகிழ்ந்து கூறினார். முதுமையில் கண்ணின் பாவை சுருங்கி, வில்லை மஞ்சளிப்பதால், உள்ளே செல்லும் ஒளி குறைகிறது. நிற வேறுபாடே அவர்களுக்கு வழிகாட்டி.

எனினும் சில எச்சரிக்கைகள் தேவை. இந்நிறம் வெள்ளையைவிடக் குறைந்த ஒளியையே திருப்பித் தரும். எனவே சன்னல் குறைந்த அறைக்கு மிக வெளிறிய சாயலையே தேர்ந்தெடுங்கள். மேற்கூரையின் உட்புறம் வெள்ளையாகவே இருக்கட்டும். முதலில் இரண்டடிச் சதுரம் மட்டும் பூசி, பஜ்ருக்குப் பின்னும், லுஹர் வேளையிலும், இஷாவுக்குப் பின் விளக்கொளியிலும் பாருங்கள். வெண்ணிற விளக்கில் சாம்பலாகத் தெரிவது, மஞ்சள் விளக்கில் பழுப்பாகத் தெரியும்.

நம் பகுதியில் ஈரமே பெரும் பகை. நிலத்தடி நீர் அடிச்சுவரில் ஏறி உப்புப் பூக்கும் வீடுகள் பல. அதன்மேல் விலையுயர்ந்த வண்ணம் பூசினால், ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் கொப்புளித்து உதிரும். முதலில் கசிவை அடைத்து, சுவரை உலரவிடுங்கள். புதிய சிமெண்டுப் பூச்சானால் குறைந்தது நான்கு வாரங்கள் காத்திருங்கள்.

மற்றொன்று, குழந்தைகளைப் பற்றியது. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்னும் விதி, இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே பழைய வண்ணத்தை உலர்நிலையில் சுரண்டாதீர்கள். அத்தூசி பிஞ்சு மூளையைப் பாதிக்கும். ஈரப்படுத்திச் சுரண்டுங்கள். பிள்ளைகளையும் கருவுற்ற பெண்களையும் அப்போது வேறிடத்தில் தங்கவையுங்கள்.

சகோதர சகோதரிகளே! நம்மை நடுநிலைச் சமுதாயமாக ஆக்கியிருப்பதாக இறைவன் திருமறையில் அறிவிக்கிறான். வீண்விரயத்தையும் அவன் வெறுக்கிறான். கண்ணைப் பறிக்காமலும் மனத்தை இருளச் செய்யாமலும் நிற்கும் இந்த நடுத்தர நிறம் நம் இல்லங்களுக்குப் பொருந்தும். அடுத்த முறை வண்ண அட்டையை விரிக்கும்போது, விருந்தினரை எண்ணாதீர்கள், வீட்டின் மூத்தவரை அருகே அழைத்து, "உங்கள் கண்ணுக்கு எது தெளிவாகத் தெரிகிறது?" என்று கேளுங்கள்.

நம் இல்லங்களை அமைதியின் உறைவிடங்களாக வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.