சைபீரியக் குளிரும் ஜாசின் மழையும்

பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்களுக்கு மழை என்பது முதலில் கைக்காசுப் பிரச்சினை. விடிகாலையில் பட்டை நனைந்திருந்தால் கத்தி வைக்க முடியாது. வைத்தாலும் பால் கோட்டில் இறங்காமல் பட்டையெங்கும் வழிந்து போகும். மங்கில் சேர்ந்த பாலையும் மழைத்தண்ணீர் கெடுத்துவிடும். 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைப் போட்டார். சில ஆண்டுகளில் புக்கிட் ஆசாஹானிலும் காடு அழிந்து ரப்பர் எழுந்தது. பிறகு ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா என்று தோட்டங்கள் பரவின. அங்கெல்லாம் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் நம் ஆட்கள் அண்ணாந்து பார்த்தது வானத்தைத்தான். இன்று பெரும்பாலும் செம்பனை. அதிலும் மழை விட்டுவைப்பதில்லை: தோட்டப் பாதை தண்ணீரில் மூழ்கினால் வெட்டிய குலை லாரி ஏறாது.

ஆண்டுக் கடைசியில் கொட்டும் இந்த மழையில் ஒரு வகைக்குச் சொந்த ஊர் சைபீரியா.

நவம்பர் முதல் மார்ச் வரை நமக்கு வடகிழக்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில் சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் பகல் குறுகி, நிலம் பனி மூடி, காற்று குளிர்ந்து கனத்துத் தரையோடு தேங்குகிறது. இதைத்தான் சைபீரிய உயரழுத்தம் என்கிறார்கள். தேங்கியது அவ்வப்போது உடைந்து தெற்கே பாயும். சீனாவைக் கடந்து சில நாள்களில் தென்சீனக் கடலுக்கு வந்துவிடும். வெதுவெதுப்பான கடல்மீது வரும்போது குளிர் குறைகிறது, ஈரம் ஏறுகிறது. நம்மிடம் வந்து சேரும்போது அது குளிர்காற்று அல்ல, மழை. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பில் 'லுருவான் மொன்சூன்' என்று வருவது இந்தப் பாய்ச்சல்தான்.

வழக்கமாக அடி வாங்குவது கிளந்தான், திரங்கானு, பகாங். மேற்குக் கரையைத் தித்திவாங்சா மலைத்தொடர் காக்கிறது. ஆனால் அந்தத் தொடர் நெகிரி செம்பிலானிலேயே தேய்ந்துவிடுகிறது. மலாக்காவின் கிழக்கில் நிற்பது குனோங் லேடாங் மட்டும், 1,276 மீட்டர், தனி ஆளாக. பாய்ச்சல் நிலநடுக்கோட்டை நோக்கி இன்னும் தெற்கே இறங்கினால் ஜொகூர் நனையும், ஜொகூரோடு சேர்ந்து மலாக்காவும் நனையும். 2006 டிசம்பரில் நடந்தது அதுதான். ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங் நான்கிலும் வெள்ளம். வடிந்து மூச்சு விடுவதற்குள் 2007 ஜனவரியில் இரண்டாவது அலை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள்.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் இன்னொரு விந்தை நடந்தது. புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி தரும் திருப்பம் வேண்டும். நிலநடுக்கோட்டருகே அது இல்லையென்றே சொல்லலாம், ஆகவே அங்கே புயல் பிறக்காது என்பது பாடம். 2001 டிசம்பர் 27 அன்று வாமேய் என்ற புயல் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை பாகை வடக்கே உருவாகி ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. போர்னியோவுக்கும் தீபகற்பத்துக்கும் நடுவே நெருக்கப்பட்ட குளிர்ப் பாய்ச்சலே அதற்குச் சுழற்சியைக் கொடுத்தது என்று பின்னர் ஆராய்ந்து சொன்னார்கள். பாடப்புத்தகத்தைத் திருத்த வைத்த புயல் அது.

அப்படியானால் சைபீரியாவின் குளிரை யார் ஆட்டுவிப்பது? இங்கேதான் வடதுருவக் கடல்பனி வருகிறது. செயற்கைக்கோள்கள் 1979 முதல் அளந்து வருகின்றன. 1980களில் ஆர்க்டிக் பனி செப்டம்பரில் மிகவும் சுருங்கியபோதும் ஏறத்தாழ 70 லட்சம் சதுர கிலோமீட்டர் இருந்தது. 2012 செப்டம்பரில் 34 லட்சம். வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். பனி போன இடத்தில் தெரியும் கருநிறக் கடல்நீர் அந்த வெயிலை விழுங்கி வைத்துக்கொண்டு இலையுதிர் காலத்தில் காற்றுக்குக் கொடுக்கும். நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கேயுள்ள பேரன்ட்ஸ், காரா கடல்களில் இப்படி வெப்பம் ஏறினால் யூரல் மலைப் பக்கம் உயரழுத்தம் ஒன்று அசையாமல் உட்கார்ந்துகொள்கிறது, மேற்கிலிருந்து வரும் மிதமான காற்று விலகுகிறது, வடக்கின் குளிர் சைபீரியாவுக்குள் இறங்குகிறது. இப்படி ஒரு வாதம். ஜப்பானின் மோரி குழுவினர் 2014இல், இந்தக் கடல்களில் பனி குறைந்தால் மத்திய யூரேசியாவில் கடுங்குளிர் வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேலாகிறது என்று கணக்கிட்டார்கள். அதே காரா கடலின் கோடைப் பனிக்கும் இந்தியாவில் செப்டம்பரில் கொட்டும் பெருமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று கோவாவின் தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தின் சௌரவ் சாட்டர்ஜி, எம். ரவிச்சந்திரன் குழு 2021இல் எழுதியது.

ஆனால் இந்த வழக்கு முடியவில்லை. 2019இல் பிளாக்போர்ட், ஜேம்ஸ் ஸ்கிரீன் குழு மறுத்து எழுதியது: பனிக்குறைவும் கடுங்குளிரும் சேர்ந்தே வருகின்றன, ஆனால் இரண்டையும் உண்டாக்குவது வேறொன்று, வளிமண்டல ஓட்டமே. விடியலில் சேவலும் கூவும், பெரட்டு மணியும் அடிக்கும். மணி அடித்ததால் சேவல் கூவியது என்று யாரும் சொல்ல மாட்டோம். இந்த மறுப்பு எனக்கு வலுவானதாகவே படுகிறது. ஏனென்றால் காற்றின் மாற்றம் முதலிலும் பனியின் மாற்றம் பிறகும் வருவதை அவர்கள் காட்டினார்கள்.

காற்று பனியை ஆட்டும் கதையை மலேசியர்கள் தென்துருவத்தில் நேரில் பார்த்திருக்கிறார்கள். அன்டார்டிகாவை ஒரு சில நாடுகள் மட்டும் நிர்வகிக்கலாமா என்று 1980களில் ஐ.நா.வில் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் எழுப்பிய கேள்வி இன்றும் பலருக்கு நினைவிருக்கும். கேட்ட நாடு பின்னர் நியூசிலாந்தின் துணையோடு விஞ்ஞானிகளை அங்கே அனுப்பியது, 2011இல் அன்டார்டிகா உடன்படிக்கையிலும் சேர்ந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசிய அன்டார்டிகா ஆய்வு மையத்தை நடத்தியவர் வானிலை விஞ்ஞானி அசிசான் அபு சாமா. அவரும் அதே பல்கலைக்கழகத்தின் ஷீபா செனோலியும், பிரிட்டனின் ஜான் டர்னரும் ராஸ் தீவின் மக்மர்டோ நிலையத்தில் வீசும் கடுங்காற்றுகளை ஆராய்ந்து 2013இல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தத் தீவை ஒட்டிய ராஸ் கடலில் தெற்கிலிருந்து வரும் காற்று பனியை வடக்கே தள்ளிவிடும். திறந்த தண்ணீர் மறுபடி உறையும், அதையும் தள்ளும். பனி உற்பத்தியே காற்றின் கையில். தென்துருவப் பனி 2014இல் 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டி விரிந்ததற்கும் காற்றைத்தான் முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். பிறகு சரிவு. 2023 பிப்ரவரியில் 18 லட்சத்துக்கும் கீழே போனது. அந்த ஆண்டின் குளிர்கால உச்சமும் 1.7 கோடியைத் தொடவில்லை. இதற்குக் காற்று மட்டும் போதாது, கடல்நீரின் வெப்பமும் சேர்ந்திருக்கிறது என்ற சந்தேகம் வலுத்திருக்கிறது.

துருவத்துக்குப் போகாமலே குளிர்ப் பாய்ச்சலைப் பிடிக்க ஓர் இடம் கிளந்தானின் பாச்சோக்கில் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் கடலோர ஆய்வு நிலையம் அது. அங்கே எடுத்த காற்று மாதிரிகளில் கிழக்காசியத் தொழிற்சாலைகள் விட்ட குளோரின் கலந்த வாயுக்கள் பாய்ச்சல் நாள்களில் மிகுந்து காணப்பட்டன என்று டேவிட் ஓரம் தலைமையிலான குழு 2017இல் அறிவித்தது. ஓசோன் படலத்தை அரிக்கக்கூடிய வாயுக்கள் அவை. நம்மிடம் எழும் இடிமேகங்கள் அவற்றை மேலே தூக்கிச் செல்கின்றன. வடக்கிலிருந்து மழை மட்டும் வரவில்லை.

ஆகவே, 'ஆர்க்டிக் உருகியதால்தான் மலாக்காவில் வெள்ளம்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அனுப்பியவரிடம் ஆதாரம் கேளுங்கள். பனிக்கும் சைபீரியக் குளிருக்கும் உள்ள உறவு இன்னும் விவாதத்தில். சைபீரியக் குளிருக்கும் நம் மழைக்கும் உள்ள உறவு உறுதி. உறுதியானதில் ஒரு லாபமும் உண்டு: காற்று அங்கிருந்து கிளம்பி இங்கே வரச் சில நாள்கள் ஆவதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். நவம்பர் வந்துவிட்டால் வானிலைத் துறையின் 'மைச்சுவாச்சா' செயலியை வீட்டில் ஒருவராவது தினமும் பாருங்கள். தொடர்மழை எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஏறும். தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் ஆரஞ்சு வந்ததுமே அடையாள அட்டை, மருந்து, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம் மூன்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். தண்ணீர் வாசலுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.