இருப்பு என்னும் சொல்

மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடி. நீர் இருப்பு 93.47 டி.எம்.சி. அணை நிரம்பும் நாட்களில் செய்தித்தாள்களில் இவ்வாறு படிக்கிறோம். கடையில் சரக்கு இருப்பு, வங்கியில் பண இருப்பு என்றும் வழங்குகிறோம். 'இரு' என்னும் வினையிலிருந்து பிறந்த இச்சொல்லுக்கு 'இருப்பது' என்பதே நேர்ப்பொருள். ஆனால் அறிவியலில், இருப்பதெல்லாம் இருப்பு ஆகிவிடாது. வேண்டும்போது எடுத்துப் பயன்படுத்தக் கூடியதே இருப்பு.

அணையையே எடுத்துக்கொள்வோம். மிகத் தாழ்வான மதகுக்கும் கீழே ஓரளவு நீர் தேங்கி நிற்கும். அது கண்ணுக்குத் தெரியும், வாய்க்காலுக்கு வராது. ஆகவே பாசனத்திற்குரிய இருப்பில் அதைச் சேர்ப்பதில்லை.

உடலில் இருப்பு

நாம் உண்ணும் மாவுப்பொருளில் உடனடித் தேவைக்கு மிஞ்சியதில் ஒரு பகுதி கிளைக்கோஜன் என்னும் பொருளாகச் சேமிக்கப்படுகிறது. கல்லீரலில் சுமார் 100 கிராமும், தசைகளில் சுமார் 400 கிராமும் இருக்கும். நாம் உண்ணாதிருக்கும்போது கல்லீரல் தன் கிளைக்கோஜனைக் குளுக்கோசாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. மூளைக்கு மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். எனவே ஒரு நாள் பட்டினியில் கல்லீரலின் இருப்பு பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தசையில் நான்கு மடங்கு இருக்கிறதே, அது உதவாதா? நேரடியாக உதவாது. குளுக்கோசை இரத்தத்தில் விடுவிக்கத் தேவையான நொதி தசையில் இல்லை. ஆகவே அது தசையின் உழைப்புக்கு உரிய இருப்பு, மூளைக்கு அன்று. பட்டினி நீடித்தால் உடல் தன் கொழுப்பையும் புரதத்தையும் கரைக்க வேண்டியதாகிறது.

மண்ணில் இருப்பு

நிலவியல் அறிஞர்கள் 'வளம்', 'இருப்பு' என்னும் இரு சொற்களையும் வேறுபடுத்துவர். நிலத்தடியில் உள்ளதும், உள்ளதென மதிப்பிடப்படுவதும் வளம். அதில் நன்கு ஆராய்ந்து அளவிடப்பட்டு, இன்றைய தொழில்நுட்பத்தால், இன்றைய விலையில், கட்டுப்படியாகும் வகையில் தோண்டக்கூடிய பகுதியே இருப்பு.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி 1930-களில் கிணறு தோண்டியபோது தென்பட்டது. ஆனால் அதன் படிவத்திற்குக் கீழே மிகுந்த அழுத்தத்துடன் நிலத்தடி நீர் இருந்தது. மேலேயுள்ள மண்ணை அகற்றினால் அந்நீர் பீறிட்டுச் சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். ஆழ்குழாய்க் கிணறுகளால் ஓயாது நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்கும் முறையே இதற்கு வழி செய்தது. 1957-இல் சுரங்கப் பணி தொடங்கி, 1961-இல் நிலக்கரிப் படிவம் எட்டப்பட்டது. வளம் இருப்பாக மாறியது இவ்வாறே.

மண்ணுக்கு மேலே இருப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். காவிரி டெல்டாவின் பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் சில 2023-இல் ஏலப் பட்டியலில் இடம்பெற்று, எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டன. நிலக்கரி கீழே அப்படியேதான் உள்ளது. மேலே நெல் விளைகிறது.

ஆண்டுக் கணக்கு

உறுதிப்படுத்தப்பட்ட இருப்பை ஓர் ஆண்டு உற்பத்தியால் வகுத்து, 'இத்தனை ஆண்டுகளுக்குப் போதும்' என்கிறார்கள். உலகின் எண்ணெய் இருப்பு 1980-இல் இக்கணக்குப்படி சுமார் 30 ஆண்டுகளுக்கு இருந்தது. 2020-இல் 50 ஆண்டுகளுக்கும் மேல்! பூமியில் எண்ணெய் புதிதாக ஊறிவிடவில்லை. புதிய வயல்கள் கண்டறியப்பட்டன; முன்பு கட்டுப்படியாகாதவை கட்டுப்படியாயின. விலை வீழ்ந்தால் இதே எண் குறையவும் கூடும்.

எனவே 'இருப்பு இவ்வளவு' என்று படிக்கும்போது, அது யாருக்கு, எந்த வழியில், என்ன விலையில் கிடைக்கும் என்றும் கேட்க வேண்டும். அப்போதுதான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.