லிக்விடேட்டரும் நியாயஸ்தலமும்

ஒரு வியாபாரி மஞ்சட் கடுதாசி கொடுத்துவிட்டால் அவனிடம் பணம் போட்டவர்கள் அவனையே வைது தீர்க்கிறார்கள். அதற்குப் பின் அவன் சொத்தைக் கையில் வாங்கிக்கொண்டவர் யார், அவர் யாருக்கு வேண்டியவர், எதை யாருக்கு விற்கிறார் என்று விசாரிப்போர் வெகு சிலரே. முறிந்தவனிடம் போனது போயிற்று. மிஞ்சியது இவரிடமன்றோ இருக்கிறது?

சென்னைவாசிகளுக்கு இது புதிய பாடமன்று. 1906-ம் வருஷம் அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. அடுத்த வருஷம் ஸர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அதனால் எவருடைய டெபாஸிட்டும் திரும்பி வந்துவிடவில்லை. 1909-ம் வருஷத்து ராஜதானி நகர இன்ஸால்வென்ஸி சட்டம், அபீஷியல் அஸைனியை நியமிக்கும் அதிகாரத்தைப் பிரதம நீதிபதியிடம் வைத்தது. சொத்தைப் பிடித்திருக்கும் கை கோர்ட்டின் கையாயிருக்க வேண்டுமென்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டுவதில்லை.

இங்கிலாந்தில் லார்ட் எல்டன் 1802-ல் லேஸி வழக்கிலும் 1803-ல் ஜேம்ஸ் வழக்கிலும் இதற்கு வைத்த விதி மிகக் கண்டிப்பானது. முறிந்தவனுடைய ஆஸ்தியை நிர்வகிக்கும் அஸைனியும், அவ்விவகாரத்தை நடத்தும் வக்கீலும் அதைத் தாமே வாங்கலாகாது. அவர்கள் லாபமடைந்தார்களென்று ருஜுப்பிக்க வேண்டியதில்லை, வாங்கியதே போதும். இதென்ன கொடுமையென்று சிலர் கேட்கக்கூடும். ஏலத்தை எந்தத் தேதியில் வைப்பது, விளம்பரத்தை எங்கே போடுவது, எந்தச் சொத்தை முந்தி விடுவது என்பவை விற்கிறவரின் மனத்துக்குள் முடிந்துபோகும் காரியங்கள். அவரைக் கூண்டிலேற்றி எத்தனை குறுக்கு விசாரணை செய்தாலும் உண்மை வெளிவராது. (வக்கீல் தொழிலிலிருப்போர் இதை மறுக்கமாட்டார்கள்.) ஆகவே எல்டன் கதவையே சாத்திவிட்டார்.

1874-ல் வேறொரு ஜேம்ஸ் வழக்கு வந்தது. சட்டத்தைத் தவறாக எண்ணி ஒருவர் டிரஸ்டியிடம் கட்டிவிட்ட பணத்தை, டிரஸ்டி கோர்ட்டின் உத்தியோகஸ்தராகையால், யோக்கியனான மனிதன் செய்வதுபோல் திருப்பிக் கொடுக்கவேண்டுமென்று தீர்ப்பாயிற்று. சட்டப்படி வைத்துக்கொள்ளலாமென்ற வாதம் செல்லவில்லை!

நம் தேசத்தில் 2016-ம் வருஷத்துச் சட்டம் இவ்வேலையைத் தனித் தொழிலாளர்களிடம் ஒப்புவித்தது. கம்பெனியைத் தூக்கி நிறுத்த முயன்று தவறியவரே பெரும்பாலும் லிக்விடேட்டராகும்படி அது ஏற்பாடு செய்தது. முன்பு தாம் நடத்திய காரியங்களில் குற்றமிருந்தால் அதைத் தாமே தோண்டியெடுப்பாரா? லிக்விடேட்டர் தம் உறவினருக்கோ, தாம் அமர்த்திய நிபுணருக்கோ தனிப்பேரத்தில் விற்பதானால் டிரிப்யூனலின் முன் அனுமதி வேண்டுமென்று அதன்கீழ் விதி செய்யப்பட்டது. நல்லதே, ஆனால் எல்டன் மூடிய கதவுக்கு இங்கே சாவி வைத்திருக்கிறார்கள். கோரிக்கையை லிக்விடேட்டர் தள்ளினால் அப்பீல் செய்ய அச்சட்டம் வைத்த தவணை 14 நாள். பாங்கிகளுக்கு அது போதும். சாமான் கொடுத்துவிட்டு பில்லோடு நிற்கும் வெளியூர் வியாபாரிக்கு வக்கீல் அகப்படுவதற்குள் தவணை கடந்துவிடும்.

அனுமதி கேட்டு வரும் மனுக்களை டிரிப்யூனல்கள் பகிரங்கமாக விசாரிக்கட்டும். சிறு கடன் கொடுத்தோருக்கு நோட்டீஸ் போயிற்றா என்று முதலில் கேட்கட்டும். வாங்குகிறவர் யாரென்பதைப் பிரமாண வாக்குமூலத்தில் எழுதி வாங்காமல் எந்த விற்பனைக்கும் கையெழுத்திட வேண்டாம்.