அறுவைச் சிகிச்சைக்குப் பின் மங்கும் நினைவு: மருந்து உண்டா?

மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் இடுப்பெலும்பு முறிந்து மதுரை மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்படும் முதியவர்களுள் சிலர், எலும்பு கூடி வீடு திரும்பிய பின்னரும் முன்போல் இருப்பதில்லை. தொழுகையில் ரக்அத்துகளின் எண்ணிக்கை தவறுகிறது. கொடுக்கல் வாங்கல் கணக்கு பிடிபடுவதில்லை. வயது மூப்பு என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். மருத்துவ உலகமோ இதனை நெடுநாளாக அறியும். பெட்ஃபோர்டு என்பார் 1955இலேயே லான்செட் இதழில் இதுபற்றி எழுதினார். இதயம் தவிர்த்த பெரிய அறுவைகளுக்கு உள்ளான முதியோரிடம் நிகழ்ந்து, 1998இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, ஒரு வாரத்தில் 25.8 விழுக்காட்டினரிடமும் மூன்று மாதங்களில் 9.9 விழுக்காட்டினரிடமும் இக்குறையைக் கண்டது.

பழி முதலில் மயக்க மருந்தின் மீதே விழுந்தது. ஆனால் முழு மயக்கம் பெற்றோரையும் உடற்பகுதி மட்டும் மரத்துப்போகச் செய்யப்பெற்றோரையும் ஒப்பிட்ட 2003ஆம் ஆண்டு ஆய்வில், மூன்று மாதங்களுக்குப் பின் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. எனவே இன்று ஐயம் அழற்சியின் பக்கம் திரும்பியிருக்கிறது. காயமுற்ற உடலில் எழும் அழற்சி குருதி வழியே மூளையை எட்டி, அங்குள்ள காவல் செல்களைக் கிளர்த்துகிறது என்பது கருத்து.

அப்படியாயின் அழற்சியைத் தணித்தால் போதுமே எனத் தோன்றும். இதய அறுவையின்போது டெக்சாமெதசோன் கொடுத்துப் பார்த்தனர். நினைவுக் குறைவு தணியவில்லை. கெட்டமின் 2017ஆம் ஆண்டு ஆய்வில் மனக்குழப்பத்தைக் குறைக்காததோடு, மாயத்தோற்றங்களையும் கொடுங்கனவுகளையும் மிகுவித்தது. மறதிநோய்க்குத் தரப்படும் ரிவாஸ்டிக்மினைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் மனக்குழப்பமுற்றோருக்கு அளித்த ஆய்வு, இறப்புகள் கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டு 2010இல் வெளியாயிற்று. நம்பிக்கை சற்றே எஞ்சியிருப்பது டெக்ஸ்மெடெடோமிடின் என்னும் மருந்தின் மீதுதான். சீனாவில் 700 முதியவரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பிந்தைய மனக்குழப்பம் 23 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடாகக் குறைந்தது. இதய அறுவை பெற்றோரிடம் நடந்த 2020ஆம் ஆண்டு ஆய்வில் அப்பயன் கிட்டவில்லை. மேலும், சில நாள் நீடிக்கும் குழப்பத்தைத் தடுப்பதும் மாதக்கணக்கில் தொடரும் நினைவுக் குறைவைத் தடுப்பதும் ஒன்றல்ல. பின்னதற்கென உறுதிப்பட்ட மருந்து இன்றளவும் இல்லை.

மருந்தற்ற வழி இவற்றைவிடத் தேறியிருக்கிறது. நேரமும் இடமும் நினைவூட்டல், இரவுத் தூக்கம், நீர், விரைந்த நடமாட்டம், மூக்குக்கண்ணாடி, செவிக்கருவி ஆகியவற்றைப் பேணிய 1999ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில், மருத்துவமனை முதியோரிடம் மனக்குழப்பம் 15 விழுக்காட்டிலிருந்து 9.9 ஆயிற்று. இவையெல்லாம் உடனிருக்கும் உறவினர் செய்யக்கூடியவை. தூக்கம் வரவில்லை என்று டயாசிபம் போன்ற மாத்திரைகளைக் கேட்டுவாங்கிக் கொடுப்பதோ குழப்பத்தை வளர்ப்பதாகும். வஸிய்யத் செய்பவர் தெளிந்த அறிவுடையவராக இருத்தல் வேண்டும் என்பது ஃபிக்ஹின் விதியாதலால், எழுத வேண்டியதை அறுவைக்கு முன்பே எழுதிவிடுவது நலம்.