கினிப்பன்றி அசையாமல் இருந்தால் அமைதி என்று பொருளா?

புதிய கினிப்பன்றியை வீட்டிற்குக் கொண்டுவந்த முதல் நாள், அது கூண்டின் மூலையில் ஒடுங்கி அசையாமல் அமர்ந்திருக்கும். “எவ்வளவு சாது!” என்று வீட்டில் உள்ளவர்கள் மகிழ்வார்கள். ஆளுக்கு ஒருமுறை தூக்கிக் கொஞ்சவும் செய்வார்கள். உண்மையில் அந்தச் சிறு விலங்கு அப்போது அச்சத்தில் உறைந்து போயிருக்கிறது.

கினிப்பன்றி, பிற விலங்குகளுக்கு இரையாகும் இனம். அதற்குக் கூரிய நகமோ விஷமோ இல்லை. ஆபத்து நெருங்கினால் அசையாமல் நின்றுவிடும். அல்லது ஓடி ஒளிந்துகொள்ளும். நோய் வந்தாலும் வெளியே காட்டிக்கொள்ளாது. பலவீனமாகத் தெரியும் விலங்கைத்தானே வேட்டை விலங்குகள் முதலில் குறிவைக்கும்? மாணவர்களே, இந்த ஓர் உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கினிப்பன்றியை வளர்க்கும் முறைகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

பெயரில் மட்டுமே பன்றி

கினிப்பன்றிக்கும் பன்றிக்கும் உறவில்லை. ஆப்பிரிக்காவில் உள்ள கினி நாட்டிலிருந்தும் அது வரவில்லை. எலி, அணில் ஆகியவற்றைப் போல் அதுவும் கொறிக்கும் விலங்குதான். அதன் அறிவியல் பெயர் கேவியா போர்செல்லஸ். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி மக்கள், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதை இறைச்சிக்காக வளர்த்தனர். பெரு நாட்டில் இன்றும் அதை ‘கூய்’ என்று அழைக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் கப்பல்களில் கொண்டு சென்றதால் அது உலகின் மற்ற பகுதிகளுக்கும் பரவியது.

மலைநாட்டிலிருந்து வந்த இந்த விலங்குக்கு நம் நாட்டு வெப்பம் பெரிய சோதனை. அதற்கு உடல் முழுவதும் ரோமம் உண்டு. நம்மைப்போல் வியர்த்து உடலைக் குளிர்விக்க முடியாது. 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையே அதற்கு ஏற்றது. கோலாலம்பூரில் பிற்பகல் வெப்பம் 32 டிகிரியைச் சாதாரணமாகத் தொடுகிறது. ஆகவே கூண்டைப் பால்கனியிலோ வெயில் விழும் சன்னல் ஓரத்திலோ வைக்காதீர்கள். வீட்டிலேயே குளிர்ச்சியான, காற்றோட்டமான அறையைத் தேர்ந்தெடுங்கள். படுத்துக்கொள்ள ஒரு தரை ஓடு, துணியில் சுற்றிய உறைந்த தண்ணீர் போத்தல் ஆகியவை பிற்பகலில் உதவும். வேகமாக மூச்சு வாங்கினாலோ, எச்சில் வடிந்தாலோ, துவண்டு சாய்ந்தாலோ அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

கூண்டும் ஒளிவிடமும்

கூண்டு உயரமாக இருப்பதைவிட அகலமாக இருப்பதே முக்கியம். கினிப்பன்றி ஏறித் தாவும் விலங்கல்ல. தரையில் ஓடும் விலங்கு. இரண்டு கினிப்பன்றிகளுக்கு ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தரைப்பரப்பாவது வேண்டும். கம்பி வலைத் தரை அதன் பாதங்களைப் புண்ணாக்கும். வெள்ளெலிக்கு வைக்கும் சுழல் சக்கரம் அதன் முதுகெலும்புக்குக் கேடு. வாசனை வீசும் பைன், தேவதாரு மரத்தூளையும் தவிர்த்துவிடுங்கள். அந்த எண்ணெய் வாசனை சுவாச உறுப்புகளைப் பாதிக்கும்.

ஒவ்வொரு கினிப்பன்றிக்கும் தனித்தனி ஒளிவிடம் கட்டாயம் தேவை. இரண்டு பக்கமும் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டியே போதும். ஒரு வாசலில் ஆபத்து என்றால் மறு வாசல் வழியே தப்பலாம் என்று தெரிந்தால்தான் அது நிம்மதியாக இருக்கும். ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தால் வெளியே வராது என்று சிலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறானது. ஓடிப் புகுந்துகொள்ள இடம் இருக்கும் கினிப்பன்றிதான் துணிந்து வெளியே வரும்.

முதல் சில நாள்கள்

முதல் இரண்டு மூன்று நாள்கள் அதைத் தூக்கவே வேண்டாம். கூண்டின் அருகே அமர்ந்து வீட்டுப்பாடம் செய்யுங்கள். தாழ்ந்த குரலில் பேசுங்கள். உங்கள் குரலும் வாசனையும் அதற்குப் பழகட்டும். பிறகு கொத்தமல்லித் தழையைக் கையில் வைத்து நீட்டுங்கள். அது தானாக வந்து கடிக்கும் நாள்தான் முதல் வெற்றி.

கையை மேலிருந்து இறக்காதீர்கள். வானிலிருந்து பாயும் பருந்தும் அப்படித்தான் வரும். பக்கவாட்டிலிருந்து மெதுவாகக் கொண்டு சென்று, ஒரு கையை மார்புக்கு அடியிலும் மறு கையைப் பின்பகுதிக்கு அடியிலும் வைத்துத் தூக்குங்கள். நீங்கள் தரையில் அமர்ந்தபடியே தூக்குவது பாதுகாப்பு. மேசை உயரத்திலிருந்து விழுந்தாலே அதன் எலும்பு முறியக்கூடும்.

அதன் மொழியையும் கற்றுக்கொள்ளலாம். காய்கறிப் பையின் சத்தம் கேட்டதும் ‘வீக், வீக்’ என்று கூவினால், உணவை எதிர்பார்க்கிறது. பற்களைக் கடகடவென்று அடித்தால், “விலகிப் போ” என்று எச்சரிக்கிறது. நின்ற இடத்திலேயே சோளப்பொரிபோல் துள்ளிக் குதித்தால், மகிழ்ச்சியாக இருக்கிறது.

நிற்கக்கூடாத குடல்

கினிப்பன்றியின் குடலில் குருட்டுக்குடல் என்ற பெரிய பை இருக்கிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள்தாம் புல்லின் நார்ச்சத்தைச் செரிக்க உதவுகின்றன. உணவு தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால்தான் இந்தக் குடல் சரியாக இயங்கும். வராவிட்டால் இயக்கம் குறைந்து, வாயு சேர்ந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். பயத்தாலோ வலியாலோ சாப்பாட்டை நிறுத்தினாலும் இதே நிலைதான். புது இடத்தில் அதன் அச்சத்தைப் போக்குவது ஏன் அவசரம் என்று இப்போது புரிகிறதா?

அதனால் அதன் உணவில் பெரும்பகுதி உலர்புல்லாக இருக்கவேண்டும். கடைகளில் கிடைக்கும் திமோத்தி உலர்புல் எந்நேரமும் கூண்டில் இருக்கட்டும். வைக்கோல் வேறு, உலர்புல் வேறு. வைக்கோல் கதிர் அறுத்தபின் எஞ்சும் தண்டு. அதில் சத்து மிகக் குறைவு. புல்லை மெல்லுவதால் மற்றொரு பயனும் உண்டு. கினிப்பன்றியின் 20 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். மென்று தேய்க்காவிட்டால் அவை நீண்டு வாயைப் புண்ணாக்கிவிடும். சோறு, ரொட்டி, பால், உருளைக்கிழங்கு, வெங்காயம் ஆகியவற்றைக் கொடுக்கவே கூடாது.

நமக்கும் அதற்கும் உள்ள ஒற்றுமை

நாயும் பூனையும் வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே உற்பத்தி செய்துகொள்கின்றன. நம்மால் முடியாது, கினிப்பன்றியாலும் முடியாது. அதற்குத் தேவையான ஒரு நொதி இரண்டு உடல்களிலும் இல்லை. இந்த ஒற்றுமை மருத்துவ வரலாற்றையே மாற்றியது. 1907இல் நார்வே அறிவியலாளர்கள் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃபிரோலிக் இருவரும் கினிப்பன்றிகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்தபோது, கடலோடிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய் அவற்றுக்கும் வந்தது. அந்நோயை ஆய்வுக்கூடத்தில் ஆராய அதனால் வழி பிறந்தது. பின்னர் வைட்டமின் சி எது என்பதை உறுதிசெய்யவும் கினிப்பன்றிகளே உதவின. அந்த ஆய்வில் முக்கியப் பங்காற்றிய ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜிக்கு 1937இல் நோபல் பரிசு கிடைத்தது.

கினிப்பன்றிக்கு ஒவ்வொரு கிலோகிராம் உடல் எடைக்கும் நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி தேவை. தினமும் ஒரு துண்டு குடைமிளகாய் கொடுங்கள். எடைக்கு எடை பார்த்தால் ஆரஞ்சுப் பழத்தைவிட அதில் இந்தச் சத்து அதிகம், சர்க்கரையோ குறைவு. வைட்டமின் சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலப்பதால் பயனில்லை. சத்து விரைவில் சிதைந்துவிடும். சுவை மாறிய தண்ணீரை அது குடிக்காமலும் போகலாம்.

தராசு சொல்லும் உண்மை

நோயை மறைக்கும் விலங்கின் உடல்நிலையை எப்படி அறிவது? சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, வாரம் ஒருமுறை அதே நேரத்தில் எடை பாருங்கள். குறிப்பேட்டில் தேதியுடன் எழுதுங்கள். வளர்ந்த கினிப்பன்றி பொதுவாக 700 முதல் 1,200 கிராம் வரை இருக்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாதபோதே எடை இறங்கத் தொடங்கிவிடும். புழுக்கைகள் குறைந்தாலோ, சிறுத்தாலோ அதுவும் எச்சரிக்கை. அரை நாள் எதையும் சாப்பிடவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். வீட்டில் உள்ள நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை நீங்களாகவே கொடுத்துவிடவும் கூடாது. பெனிசிலின் வகை மருந்துகள் அதன் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிரிகளை அழித்து, உயிரையே பறித்துவிடும்.

வாங்குவதற்கு முன்

கினிப்பன்றி கூட்டமாக வாழும் விலங்கு. அதைத் தனியாக வளர்க்கக்கூடாது என்று சுவிட்சர்லாந்தில் சட்டமே இருக்கிறது. இரண்டு பெண் கினிப்பன்றிகளை ஒன்றாக வளர்ப்பது எளிது. ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தால் விரைவில் குட்டிகள் பெருகிவிடும். நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும், வளர்ப்பு விலங்கின் தேவைகளைக் கவனிப்பது உரிமையாளரின் கடமை என்கிறது.

கினிப்பன்றி பொதுவாக 5 முதல் 8 ஆண்டுகள் வாழும். இப்போது முதலாம் படிவத்தில் படிக்கும் நீங்கள் அதை வாங்கினால், எஸ்.பி.எம். தேர்வு எழுதும்போதும் அது உங்கள் வீட்டில் இருக்கும். மேற்படிப்புக்காக நீங்கள் வெளியூர் போன பிறகும் இருக்கலாம். அப்போது தினமும் புல் வைத்து, வாரந்தோறும் எடை பார்க்கப்போவது யார்? கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் எல்லாரையும் அமர வைத்து, இந்தக் கேள்விக்கு விடை காணுங்கள்.