லயத்து வாசலில் ஒரு சித்திரப் பட்டறை

சித்திர ஆசிரியர் ஒருவர் தோட்டத்துக்கு வந்து ஒரு நாள் சொல்லிக் கொடுக்கிறேன் என்றால், நாம் உடனே வாசிகசாலையையோ கோயில் மண்டபத்தையோதான் காட்டுகிறோம். அங்கே பிள்ளைகள் வருவார்கள், தாய்மார் வருவதில்லை. அவர்களுக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். துணி துவைக்கணும், மிலாறு பொறுக்கணும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கணும். அதையெல்லாம் விட்டுவிட்டு மண்டபத்தில் போய் உட்கார எந்தத் தாய்க்கு முடியும்? பட்டறை லயத்து வாசலிலேயே நடந்தால், உலை வைத்துவிட்டு வந்து கால் மணி நேரமாவது அவளும் தூரிகையைப் பிடிப்பாள். அதனால்தான் வீட்டிலேயே நடத்துங்கள் என்று சொல்கிறோம்.

“நம்ம காம்பராவுக்கு வெளியாட்களா? சுவரெல்லாம் கரி, கூரை ஒழுகுதே” என்று தயங்குவீர்கள். வருகிறவர்கள் சுவரைப் பார்க்க வரவில்லை. பட்டறைக்கென்று கடன் வாங்கிப் பெயின்ட் அடிக்கவே வேண்டாம். பெருக்கி, வாசலுக்குச் சாணி தெளித்தால் போதும். கரிச்சுவரில் பழைய சாக்கை விரித்துக் கட்டினால், படம் மாட்ட அதுவே இடம்.

முதலில் பக்கத்துக் காம்பராக்காரரிடம் பேசுங்கள். வாசல் எல்லாருக்கும் பொது. அவர்கள் துணி காயப்போடும் கொடியை நீங்களாக அவிழ்த்தால், சித்திரத்துக்கு முன்னே சண்டை வந்துவிடும். லயமும் நிலமும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தால், வெளியாட்கள் வரும் நாளைத் துரையிடமோ நலன்புரி உத்தியோகத்தரிடமோ முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள் பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்தாலே முழங்கால் முட்டும். ஆகவே இஸ்தோப்பும் வாசலும்தான் வகுப்பு. காம்பராவைப் பொருட்கள் வைக்கவும், மழை வந்தால் ஒதுங்கவும் விட்டுவையுங்கள். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. ஊவாப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்லது. எந்த மாதமானாலும் காலை ஒன்பதரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடித்துவிடுங்கள். மலைநாட்டு மத்தியான மழையை நம்ப முடியாது.

அடுத்தது தோட்டம். மரக்கறிப் பாத்தியைச் சுற்றி நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டுங்கள், இல்லாவிட்டால் லீக்ஸ் நாத்து பிள்ளைகள் காலுக்குள் போய்விடும். கானுக்கு மேலே பலகை போடுங்கள். நாயைக் கட்டி வையுங்கள். முக்கியமாக, இரண்டு நாளைக்கு முன்னே சுற்றியுள்ள மரங்களையும் கூரை இறவாரத்தையும் அண்ணாந்து பாருங்கள். குளவிக்கூடோ மலைத்தேனீக்கூடோ இருந்தால் அந்த இடமே வேண்டாம், வேறு லயத்துக்கு மாற்றுங்கள். நீங்களாகப் புகை போட்டோ கல்லெறிந்தோ கலைக்கப் பார்க்காதீர்கள். குளவி கொட்டி உயிர் போன கதை நம் மலைகளில் யாருக்கும் புதிதல்ல.

பொருட்களுக்குக் காசு தேடி அலைய வேண்டாம். முன்பு தேயிலை பலகைப் பெட்டியில் கப்பலேறியது. அந்தப் பலகை கிடைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! இப்போது பெரும்பாலும் கடதாசிப் பைதான். தொழிற்சாலையில் கிழிந்து ஒதுக்கிய பைகளைக் கேட்டு வாங்கி, வெளித்தாளைப் பிரித்தால் பெரிய பெரிய பழுப்புத் தாள் கிடைக்கும். கேட்காமல் எடுத்தால் மறுநாள் பெரட்டில் உங்கள் பெயர்தான் முதலில் வரும்!

கரிக்கோலுக்குக் கவ்வாத்து மிலாறே போதும். விரல் தடிப்பில் காய்ந்த குச்சிகளைப் பட்டை சீவி, மூடியுள்ள தகர டின்னில் நெருக்கி அடுக்குங்கள். மூடியில் ஆணியால் ஒரு சின்ன ஓட்டை போட்டு, டின்னை அடுப்புத் தணலில் புதையுங்கள். ஓட்டையில் புகை வருவது நின்றதும் எடுத்து, நன்றாக ஆறிய பிறகே திறவுங்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் குச்சி சாம்பலாகிவிடும்.

கறுப்பு மையும் நம்மிடமே உண்டு. கொழுந்து பறிக்கிற விரலில் ஏறும் கறை தெரியும்தானே, தேயிலையின் துவர்ப்புச் சத்துதான் அது. அந்தச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும். துருப்பிடித்த ஆணிகளை ஒரு வாரம் வினாகிரியில் ஊறப் போடுங்கள். போத்தல் மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு சேரும். பிறகு ஒரு கைப்பிடி டஸ்ட் தூளை இரண்டு கோப்பைத் தண்ணீரில் பாதியாக வற்றக் காய்ச்சி வடித்து, ஆணித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கண்முன்னே கறுக்கும். பிள்ளைகளுக்கு இதுவே பாதிப் பாடம். போத்தலில் ‘குடிக்கக்கூடாது’ என்று எழுதி ஒட்டுங்கள், பார்த்தால் சாயத்தண்ணி மாதிரியே இருக்கும்.

மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்தால் மஞ்சள் நிறம், அதிலே துளி சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு. சுண்ணாம்பைப் பெரியவர்கள்தான் தொடணும், கண்ணில் பட்டால் ஆபத்து. இந்த நிறங்கள் வெயிலில் வெளுக்கும், படத்தை நிழலில் மாட்டுங்கள். நிறம் கரைக்க மருந்து டின் எதையும் எடுக்காதீர்கள், எத்தனை தடவை கழுவியிருந்தாலும் சரி. சிரட்டை இருக்கிறதே!

மாசியில் காமன் கூத்துக்கு முகம் எழுதும் பெரியவர் உங்கள் டிவிசனில் இருந்தால், அவரையும் கட்டாயம் கூப்பிடுங்கள். வெளியிலிருந்து வரும் ஆசிரியருக்குத் தெரியாத வேலை அவர் கையில் இருக்கும். ஆனால் பிள்ளைகளைப் போட்டோ எடுக்க யார் கேட்டாலும் தாய் தகப்பனிடம் கேட்ட பிறகுதான்.

நிறம் கழுவிய தண்ணீரைக் கானில் ஊற்றாதீர்கள். அது போய்ச் சேரும் ஓடையில் கீழ் டிவிசன்காரர்கள் குடிக்கத் தண்ணீர் எடுக்கலாம். பாத்திக்குத் தள்ளி ஒரு குழி வெட்டி அதில் ஊற்றி மூடுங்கள். அன்றைக்குத் தேவையான தண்ணீரை முதல்நாள் சாயங்காலமே பிடித்து வைக்கணும். அதை வீட்டுக்கார அம்மாவின் தலையில் மட்டும் சுமத்த வேண்டாம். லயத்து இளவட்டங்கள் வீட்டுக்கு ஒரு வாளி கொண்டு வரட்டும். சாயத்தண்ணிக்கான தூள், சீனி, ரொட்டிக்கான மாவு எல்லாம் வருகிற குடும்பங்கள் பங்கு போட்டுக் கொள்ளட்டும். அன்றைக்கு அடுப்படியில் ஆம்பிளைகள் நிற்கட்டும். வீட்டுக்கார அம்மாவுக்கும் ஒரு தாளும் ஒரு கரிக்கோலும் எடுத்து வையுங்கள்.